பக்கத்துப் படுக்கைக்காரரை விட்டுவிட்டு என் அம்மாவை ஏன் எடுத்தார்கள்?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், மருத்துவமனை எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு வயது 61. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மற்றபடி ஆரோக்கியமானவர். இரண்டு மாதங்களுக்கு முன்பு சிறுநீர்த் தொற்றில் தொடங்கி, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்திருக்கிறது. மூன்றாம் நாள் காலை, பெற்ற மகளையே யார் என்று கேட்டிருக்கிறார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது இரத்த அழுத்தத்தின் மேல் எண் 70. செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை என்று சொல்லித் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். அன்றிரவு எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை) எடுத்துப் பார்த்து, “இதயத்தின் பம்ப்பிங் 30 சதவீதம்தான் இருக்கிறது” என்றார்கள்.

இரவு 11 மணிக்கு இளம் மருத்துவர் ஒருவர் தமிழில் அச்சிட்ட படிவத்தோடு வந்தார். செப்சிஸ் வந்தவர்களின் இதயம் எப்படித் தளர்கிறது, எப்படித் தேறுகிறது என்று ஓர் ஆய்வு. புதிய மருந்து எதுவும் கிடையாது. மூன்று முறை 10 மில்லி இரத்தம் எடுப்பார்கள், கூடுதலாக எக்கோ செய்வார்கள், மூன்று மாதம் கழித்து ஒரு முறை வரச் சொல்வார்கள். ஆசிரியை கையெழுத்துப் போட்டார். ஒன்பதாம் நாள் எக்கோவில் அளவு 55 ஆகியிருந்தது. இரண்டு வாரத்தில் அம்மா வீடு திரும்பிவிட்டார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பக்கத்துப் படுக்கையில் பைபாஸ் அறுவை செய்துகொண்ட ஒருவர் இருந்திருக்கிறார். அவருக்கும் செப்சிஸ்தான். அவருடைய மகன் தானாகவே கேட்டும் அவரை ஆய்வில் சேர்க்கவில்லை. “இதயத்தைப் பற்றிய ஆய்வுக்கு இதய நோயாளியை வேண்டாம் என்றுவிட்டு, நெஞ்சு வலியே அறியாத என் அம்மாவை ஏன் எடுத்தார்கள்?” என்பது ஆசிரியையின் கேள்வி. வளைகுடாவில் இருக்கும் அண்ணனுக்கு அது கேள்வியாகக்கூடத் தோன்றவில்லை. “அம்மாவைச் சோதனை எலியாக்கிவிட்டாய். மூத்த மகன் நான் இருக்கும்போது நீ எப்படிக் கையெழுத்துப் போடலாம்?” என்று தினமும் தொலைபேசியில் சண்டை. உடனே ஆஞ்சியோகிராம் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறார். அம்மாவின் கட்டிலைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டார்கள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றக்கூட விடுவதில்லை. அடுத்த மாதம் ஆய்வுக்காகத் திரும்பப் போக வேண்டிய தேதி வருகிறது. போகலாமா, வேண்டாமா?

கடிதத்தின் கடைசி வரி இது: “அம்மாவுக்கு இந்த ஆய்வு விஷயமே தெரியாது.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அந்தக் கடைசி வரிதான். அதற்கு வருகிறேன். முதலில் பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்ப்போம். அந்தப் புதிர் அவிழ்ந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நீங்கள் ஆசிரியை. உங்களுக்குத் தேர்வு என்றாலே சேர்க்கப்பட்டவர் தேறியவர், விடப்பட்டவர் தோற்றவர் என்று தோன்றுவது இயல்பு. நோயாளிகளைத் தேர்ந்தெடுப்பது அந்த வகைத் தேர்வு இல்லை. வெள்ளம் வடிந்த பிறகு சேதக் கணக்கெடுக்க வரும் கிராம நிர்வாக அலுவலரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வெள்ளத்தில் எத்தனை சுவர் விழுந்தது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். போன ஆண்டே பாதி இடிந்து நின்ற வீட்டை அந்தக் கணக்கில் சேர்த்தால், இடிபாட்டில் எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அந்த வீட்டுக்காரருக்கு உதவி மறுக்கப்படுவதில்லை; இந்தக் கணக்குப் புத்தகத்தில் அவர் பெயர் வராது, அவ்வளவுதான். பைபாஸ் செய்துகொண்டவரின் இதயத் தசையில் ஏற்கெனவே தழும்பு இருக்கலாம். அவருடைய பம்ப்பிங் 30 என்று வந்தால், அதில் செப்சிஸின் பங்கு எவ்வளவு? நேற்றுவரை நன்றாக இருந்த உங்கள் அம்மாவின் இதயம் ஒரே இரவில் தளர்ந்தது என்றால், குற்றவாளி யார் என்று ஓரளவாவது சொல்ல முடியும்.

ஆய்வில் சேராததால் அவருக்குச் சிகிச்சை குறைந்திருக்குமோ என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆன்டிபயாட்டிக், டிரிப்ஸ், இரத்த அழுத்தத்தைத் தூக்கும் நார்அட்ரினலின் எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். உங்கள் கடிதப்படி, அம்மாவுக்கு அவையெல்லாம் மாலையிலேயே தொடங்கிவிட்டன; படிவம் வந்தது இரவு 11 மணிக்கு. அந்த வரிசை சரியான வரிசை.

சேர்ப்பதும் விலக்குவதும்

செப்சிஸ் என்றால் ‘இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது’ என்று ஊரில் சொல்வார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். இரத்தத்தில் கிருமியே அகப்படாத செப்சிஸ் நோயாளிகள் ஏராளம். தொற்றை எதிர்த்து உடல் நடத்தும் போர் கட்டுமீறி, உடலின் சொந்த உறுப்புகளையே அடிக்கத் தொடங்குவதுதான் செப்சிஸ். 2016இல் உலக அளவில் வகுக்கப்பட்ட வரையறை இதைத்தான் சொல்கிறது. நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை, இரத்த ஓட்டம், இரத்த உறைவு என ஆறு இடங்களில் மதிப்பெண் போட்டு, தொற்றின் விளைவாக அந்த மதிப்பெண் 2 அல்லது அதற்குமேல் ஏறினால் செப்சிஸ். போதுமான திரவம் ஏற்றிய பிறகும் சராசரி இரத்த அழுத்தத்தை 65இல் நிறுத்த மருந்து தேவைப்பட்டு, உடல் திணறும்போது இரத்தத்தில் ஏறும் லாக்டேட் என்ற பொருள் லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டியிருந்தால், அது செப்டிக் அதிர்ச்சி என்ற இன்னும் கடுமையான நிலை. அம்மா அந்த இரண்டாவது வாசலுக்குள்தான் இருந்திருக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஆறு மதிப்பெண்களில் இரத்த ஓட்டத்துக்கான மதிப்பெண் இரத்த அழுத்தத்தையும், அதைத் தூக்க எவ்வளவு மருந்து தேவைப்படுகிறது என்பதையும்தான் பார்க்கிறது. இதயம் எவ்வளவு சுருங்குகிறது என்பது அதில் எங்கும் இல்லை. செப்சிஸில் இதயத் தளர்ச்சி என்றால் இதுதான் என்று அனைவரும் ஒப்புக்கொண்ட வரையறையும் இன்றுவரை கிடையாது. ஒருவர் பம்ப்பிங் 50க்குக் கீழே என்பார். இன்னொருவர் 45 என்பார். மூன்றாமவர் இடது அறை சரியாக விரிகிறதா, வலது அறை தளர்ந்திருக்கிறதா என்பதையும் சேர்ப்பார். ஆகவேதான் ஆய்வுக்கட்டுரைகளில் இந்தத் தளர்ச்சி செப்சிஸ் நோயாளிகளில் 10 சதவீதம் பேருக்கு என்பதிலிருந்து 70 சதவீதம் பேருக்கு என்பதுவரை கிடைக்கிறது. நோய் அவ்வளவு தூரம் மாறுவதில்லை. யாரை உள்ளே விட்டார்கள், எப்போது அளந்தார்கள் என்பது மாறுகிறது.

எப்போது அளந்தார்கள் என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் அம்மாவின் 30 என்ற எண்ணுக்கு அதில் விடை இருக்கிறது. தோட்டத்து மோட்டாரை வாய்க்காலில் திறந்துவிட்டால் தேய்ந்துபோன மோட்டாரும் நன்றாகத்தான் தள்ளும். அதையே மாடித் தொட்டிக்கு ஏற்றச் சொல்லுங்கள், அப்போது அதன் வண்டவாளம் தெரியும். செப்டிக் அதிர்ச்சியில் இரத்தக் குழாய்கள் தளர்ந்து கிடப்பதால் இதயத்துக்கு எதிர்ப்பே இல்லை, வாய்க்கால் போல. அந்த நேரத்தில் எக்கோ எடுத்தால் தளர்ந்த இதயமும் 60 காட்டலாம். நார்அட்ரினலின் கொடுத்துக் குழாய்களை இறுக்கிய பிறகு எடுத்தால் அதே இதயம் 35 காட்டலாம். அம்மாவுக்கு அந்த மருந்து மாலையிலேயே தொடங்கியது, எக்கோ எடுத்தது இரவில். மருந்தே இதயத்தைக் கெடுத்துவிட்டது என்று அங்கே பலர் தவறாக நினைப்பார்கள். ஒழுங்கான ஆய்வு, அதிர்ச்சி தொடங்கி இத்தனை மணி நேரத்துக்குள், இந்த இரத்த அழுத்தத்தில், இவ்வளவு மருந்தில் எக்கோ எடுக்கப்பட்டது என்று குறித்து வைக்கும். வேறு மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருபவர்களைப் பெரும்பாலும் சேர்க்காததற்குக் காரணம் இதுதான்.

விலக்கப்படுபவர்களின் பட்டியல் இன்னும் நீளம். அண்மையில் மாரடைப்பு வந்தவர், வால்வு நோய் உள்ளவர் (நம் நாட்டில் சிறு வயது வாதக்காய்ச்சலின் மிச்சமாக வால்வு சுருங்கியவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்), துடிப்பு ஒழுங்கில்லாமல் வேகமாக ஓடுபவர், இதயம் நின்று மீட்கப்பட்டவர், கர்ப்பிணி, 18 வயது நிரம்பாதவர், எக்கோவில் படமே தெளிவாகக் கிடைக்காதவர். அடுத்து, தொற்றால் வந்ததுபோலத் தோற்றமளிக்கும் வேறு தளர்ச்சிகளைப் பிரித்தெடுக்க வேண்டும். ஸ்க்ரப் டைஃபஸ், டெங்கு, எலிக்காய்ச்சல் ஆகியவை இதயத் தசையையே நேரடியாக அழற்சிக்கு ஆளாக்கக்கூடியவை. உடலோ மனமோ கடும் நெருக்கடிக்கு உள்ளாகும்போது, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, இதயத்தின் நுனி பலூன்போல ஊதி நிற்கும் ஒரு தற்காலிகக் கோளாறும் உண்டு. உங்கள் அம்மாவின் வயதில் அதையும் மருத்துவர்கள் நினைத்துப் பார்த்திருப்பார்கள். மாரடைப்பில் இரத்தத்தில் உயரும் டிரோபோனின் என்ற புரதம் செப்சிஸிலும் உயரும் என்பதால், அந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டு யாரையும் உள்ளே தள்ளவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது.

இதையெல்லாம் நான் தூய்மையான விஞ்ஞானமாகச் சொல்லிவிட்டுப் போனால் அது பாதி உண்மை. பட்டமேற்படிப்புக் காலத்தில் நானும் இப்படி ஓர் ஆய்வு செய்தேன். எக்கோ இயந்திரம் மாலை 4 மணிக்குப் பூட்டப்படும். சாவி இன்னொரு துறையிடம். ஆகவே என் ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லாரும் பகலில் வந்தவர்கள். இரவில் வந்தவர்களுக்கு மறுநாள் காலை எக்கோ எடுக்கலாம் என்று விட்டதில், விடிவதற்குள் இறந்தவர்கள் கணக்கிலேயே வரவில்லை. கடைசியில் ‘இதயத் தளர்ச்சி இருந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள்’ என்று பெருமையாக எழுதினேன். நெறியாளர் படித்துவிட்டு, “செத்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டாயே, அப்புறம் பிழைக்காமல் என்ன செய்வார்கள்?” என்றார். இரவு 11 மணிக்கு ஒருவர் உங்களிடம் படிவத்தோடு வந்தது உங்களுக்குத் தொல்லையாக இருந்திருக்கும். எனக்கு, அந்த ஆய்வு ஒழுங்காக நடக்கிறது என்பதற்கான அடையாளமாகத் தெரிகிறது.

30 சதவீதம் என்றால் 70 சதவீதம் போய்விட்டதா?

இல்லை. இந்த எண்ணை நூற்றுக்கு எடுத்த மதிப்பெண்ணாகப் படிக்கக்கூடாது. நிரம்பிய இடது அறை ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது. நலமான இதயமும் ஏறத்தாழ 55 முதல் 70 வரைதான் தள்ளும். முழுவதையும் எந்த இதயமும் தள்ளாது. ஆக அம்மாவின் இன்றைய 55 என்பது ‘பாதி இதயம்’ இல்லை. நலமானவர்களின் வரம்புக்குள் அவர் வந்துவிட்டார்.

1984இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் செப்டிக் அதிர்ச்சி வந்த 20 பேரைத் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார்கள். பிழைத்தவர்கள் 13 பேர். அவர்களில் 10 பேருக்குத் தொடக்கத்தில் பம்ப்பிங் 40க்குக் கீழே விழுந்திருந்தது. ஏழு முதல் பத்து நாட்களில் பழைய நிலைக்கு ஏறியது. இறந்த 7 பேரில் ஒருவருக்குக்கூடத் தொடக்கத்தில் அப்படி விழவில்லை. படித்தவர்களுக்குத் தலை சுற்றியது. 20 பேரை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வர முடியாது. பின்னால் வந்த ஆய்வுகளும் குறைந்த பம்ப்பிங் உள்ளவரே பிழைப்பார் என்பதை உறுதிசெய்யவில்லை. ஆனால் செப்சிஸில் தளர்ந்த இதயம் ஏறத்தாழ ஒன்றிரண்டு வாரத்தில் தேறக்கூடும் என்ற செய்தி நிலைத்துவிட்டது. உங்கள் அம்மாவின் ஒன்பதாம் நாள் எக்கோ அந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

எனவே கட்டிலைக் கீழே இறக்கியதும் செடிகளிடமிருந்து அவரைப் பிரித்ததும் அன்பால் செய்தவை என்றாலும், மருத்துவக் காரணம் உள்ளவையாக எனக்குத் தோன்றவில்லை. செப்சிஸிலிருந்து மீண்டவர்களுக்குக் கைகால் தசை வற்றிப்போயிருக்கும்; சோர்வும் மறதியும் பல மாதங்கள் நீடிக்கலாம். அதற்கு மருந்து நடைதான். படுக்கையில் வைத்திருப்பது அதை இன்னும் மோசமாக்கும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது “அம்மா எவ்வளவு நடக்கலாம், படி ஏறலாமா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

ஆஞ்சியோகிராம் பற்றி. அண்ணனின் கவலை முழுக்க ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டேன். 12 ஆண்டுச் சர்க்கரை நோய் உள்ள ஒரு பெண்ணுக்கு வலியே இல்லாமல் இதயக் குழாயில் அடைப்பு இருக்க முடியும். ஆனால் பம்ப்பிங் தானாக ஏறிவிட்ட நிலையில், ஈசிஜியில் சந்தேகமோ, எக்கோவில் சுவரின் ஒரு பகுதி மட்டும் அசையாமல் நிற்பதோ, நடந்தால் நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால்தான் அதற்கான பேச்சு எழும். சிறுநீரகம் செப்சிஸிலிருந்து இப்போதுதான் மீண்டு வருகிறது. ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்தும் சாயம் அதற்குக் கூடுதல் சுமை. தேவையில்லாமல் அந்த ஆபத்தை வாங்க வேண்டாம். ஓர் இதய மருத்துவர் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தச் சோதனை), ஈசிஜி, இரண்டு எக்கோ அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்து முடிவு செய்யட்டும்.

‘சோதனை எலி’ என்ற சொல்

அண்ணனிடம் ஒன்றைப் பிரித்துச் சொல்லுங்கள். ஒரு மருந்தைக் கொடுத்து என்ன ஆகிறது என்று பார்ப்பது ஒரு வகை ஆய்வு. வழக்கமான சிகிச்சையை அப்படியே நடக்கவிட்டு, கூடவே அளந்து குறித்துக்கொள்வது வேறு வகை. நீங்கள் விவரித்தது இரண்டாவது வகை. மூன்று முறை 10 மில்லி என்றால் ஒவ்வொரு முறையும் இரண்டு தேக்கரண்டி இரத்தம். எக்கோவில் கதிர்வீச்சும் இல்லை, ஊசியும் இல்லை. இந்த ஆய்வில் நான் பார்க்கும் ஆபத்து உடலுக்கானதைவிட அந்தரங்கத்துக்கானது. அம்மாவின் பெயர் குறியீட்டு எண்ணாக மாற்றப்பட்டதா, மிச்சமான இரத்தத்தைச் சேமித்து வைத்து எதிர்காலத்தில் மரபணுச் சோதனைக்குப் பயன்படுத்தும் வரி எதுவும் படிவத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மருந்து ஆய்வாகவே இருந்திருந்தாலும் ‘எலி’ என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். 2016இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், பிரிட்டனில் லெவோசிமெண்டான் என்ற மருந்தை செப்டிக் அதிர்ச்சி வந்த 516 பேரிடம் சோதித்தார்கள். இதயத்தை வலுப்படுத்தும் என்று நம்பிப் பலர் அப்போதே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். உறுப்புகளைக் காப்பதில் அது கூடுதல் பலன் தரவில்லை. இதயத் துடிப்புக் கோளாறுகள்தான் கூடின. அந்த ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால், கேள்வியே கேட்காமல் இன்னும் எத்தனையோ பேருக்கு அது ஏறிக்கொண்டிருக்கும். (அந்த ஆய்விலும் ஒரு குறை சொல்வார்கள்: இதயம் உண்மையில் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து நோயாளிகளைச் சேர்க்கவில்லை என்று. மறுபடியும் அதே தேர்வுப் பிரச்சினை!)

ஆனால் அண்ணனின் கோபத்தில் நியாயமான ஒரு பகுதி இருக்கிறது. தாய் சாகக் கிடக்கும்போது ஒரு மகளிடம் நீட்டப்படும் படிவம் எவ்வளவு சுதந்திரமாகக் கையெழுத்தாகும்? ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒன்றில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நாங்கள் அதிகம் சண்டையிட்டது இந்த இடத்தில்தான். மறுத்தால் மருத்துவர் முகம் சுளிப்பாரோ, கவனிப்பு குறையுமோ என்ற பயத்தில் போடும் கையெழுத்து, மையால் எழுதினாலும் ஒப்புதல் ஆகாது. உங்கள் கடிதத்தில் “மறுத்தாலும் சிகிச்சை மாறாது என்று இரண்டு முறை சொன்னார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இளம் மருத்துவர் தன் கடமையைச் செய்திருக்கிறார்.

கையெழுத்து யாருடையது?

மூத்த மகன்தான் போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கொள்ளி வைப்பதில் வேண்டுமானால் மூத்தவர் முறை பார்க்கலாம். ஆய்வு ஒப்புதலில் பார்க்கப்படுவது, நோயாளியால் முடிவெடுக்க முடியாத நேரத்தில் அவர் சார்பில் பேசச் சட்டப்படி ஏற்கத்தக்கவர் யார் என்பதை. நீங்கள் மகள், 18 வயது கடந்தவர், அம்மாவோடு வாழ்பவர், அன்றிரவு அங்கே நின்றவர். தயங்க வேண்டியதில்லை.

ஆனால் நீங்கள் போட்டது அம்மாவுக்குப் பதிலாகப் போட்ட கையெழுத்து. அம்மாவுக்கு நினைவு திரும்பியதும் அந்தப் பதில் தேவைப்படாமல் போய்விடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளும் இதையே எதிர்பார்க்கின்றன: முடிவெடுக்கும் திறன் திரும்பிய நோயாளியிடம் ஆய்வைப் பற்றிச் சொல்லி, அவருடைய சொந்த ஒப்புதலைக் கேட்க வேண்டும். அம்மா வார்டுக்கு மாறிய பிறகு ஆய்வுக் குழுவினர் இதைச் செய்திருக்க வேண்டும். அவர்கள் செய்யவில்லை என்றால் அது அவர்களுடைய தவறு. அதை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நீங்கள் அம்மாவிடம் மறைத்தது ஏன் என்று எனக்குப் புரிகிறது. “பயந்துவிடுவார்” என்று எழுதியிருக்கிறீர்கள். சாவின் விளிம்புவரை போய் வந்தவர், மூன்று குப்பி இரத்தத்துக்குப் பயப்பட மாட்டார் என்பது என் அனுபவம். தன்னைக் கேட்காமல் பிள்ளைகள் தொலைபேசியில் சண்டை போடுகிறார்கள் என்பதற்குத்தான் வருந்துவார். அந்தச் சண்டை அவர் காதில் விழாமல் இருக்கிறது என்று நீங்கள் உறுதியாக நம்புகிறீர்களா?

திரும்பப் போவதா?

போகலாம், போகாமலும் இருக்கலாம், முன்பு எடுத்த இரத்தத்தையும் இனிப் பயன்படுத்தக்கூடாது என்றுகூடக் கேட்கலாம். மூன்றுக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. விலகினால் அம்மாவின் வழக்கமான சிகிச்சை எந்த வகையிலும் பாதிக்கக்கூடாது. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அதற்குள் பெயர் நீக்கப்பட்டு மொத்தக் கணக்கில் கலந்துவிட்ட எண்களைத் திரும்பப் பிரித்தெடுப்பது நடைமுறையில் இயலாமல் போகலாம். படிவத்தில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால், அம்மா சம்மதித்தால் போவதே நல்லது என்பேன். ஆய்வுக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. மூன்றாம் மாத எக்கோ, இதயம் தேறி நிலைத்திருக்கிறதா என்ற உங்கள் வீட்டின் கேள்விக்கும் பதில் சொல்லும். அண்ணனின் ஆஞ்சியோகிராம் விவாதமும் அதோடு ஓயலாம். ஆனால் அறிக்கையின் நகல் உங்களுக்குத் தரப்படுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆய்வுக்கென்று எடுத்த எக்கோவை ஆய்வுக் கோப்பிலேயே பூட்டி வைக்கும் வழக்கமும் உண்டு.

போவதற்கு முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை:

கையெழுத்திட்ட படிவத்தின் நகல். அது உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்ததா, அதன் உறுப்பினர் செயலரின் தொலைபேசி எண் எது. வழக்கமாகப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். புகார் சொல்ல வேண்டிய இடம் அதுதான், ஆய்வு செய்பவர் இல்லை.

2007 முதல் நம் நாட்டில் இயங்கும் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இந்த ஆய்வு பதிவாகியிருந்தால் அதன் எண். யாரைச் சேர்க்கிறார்கள், யாரை விலக்குகிறார்கள் என்ற பட்டியல் அங்கே பொதுமக்கள் பார்க்கும்படி இருக்கும். அண்ணன் வளைகுடாவிலிருந்தே இணையத்தில் படித்துக்கொள்ளலாம்.

செலவு. ஆய்வுக்காக மட்டும் செய்யும் சோதனைக்கு உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. போக்குவரத்துச் செலவைத் தருவார்களா என்றும் கூச்சமில்லாமல் கேளுங்கள். மருத்துவமனைப் பட்டியலில் அன்றிரவுக்குப் பிந்தைய எக்கோ கட்டணங்கள் இருந்தால், அவற்றில் எது சிகிச்சைக்கு, எது ஆய்வுக்கு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் உங்களோடு தொடர்பில் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். அப்பாவை விலக்கியதில் அவமானம் எதுவும் இல்லை. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்குச் செப்சிஸ் வந்தால் என்ன ஆகிறது என்பது தனிக் கேள்வி, அதற்குத் தனி ஆய்வு வேண்டும். சொல்லப்போனால் நம் வார்டுகளை நிரப்புகிறவர்கள் அவர்கள்தான். சுத்தமான விடை வேண்டும் என்று அவர்களை விலக்கிக்கொண்டே போனால், கடைசியில் கிடைக்கும் விடை யாருக்குப் பொருந்தும் என்ற சங்கடம் எங்கள் தொழிலில் இன்னும் தீரவில்லை.

அம்மாவுக்கு மறுபடி நடுக்கத்தோடு காய்ச்சல், பேச்சில் குழப்பம், மூச்சு வேகம், சிறுநீர் குறைவது இவற்றில் ஏதாவது தெரிந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு முறை செப்சிஸ் வந்தவர்களுக்கு மறுபடி தொற்று வரும் வாய்ப்பு கூடுதல். இரண்டு எக்கோ அறிக்கைகளையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் ஒரே பையில் போட்டு, எடுக்க வசதியாக அம்மாவின் கட்டிலுக்கு அருகிலேயே வையுங்கள். ஆய்வுப் படிவத்தை மட்டும் அந்தப் பையில் போடுவதற்கு முன்பு அம்மாவிடம் படித்துக் காட்டிவிடுங்கள். தமிழில் அச்சிட்டதுதானே, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே படிக்க விரும்பினாலும் கொடுத்துவிடுங்கள்.